செல்ஃப் எடுக்காத அம்பாசிடர்: கேபிளில் தொடங்குங்கள்

அம்பாசிடர் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதல் பழி பேட்டரி மேல் விழும். புதுப் பேட்டரி வாங்கிப் போடுவார்கள், சில வாரம் ஓடும். மறுபடி ‘டொக்’ என்று நின்றதும் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்புவார்கள். இரண்டு செலவும் போன பிறகுதான் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே தொங்கும் எர்த் பட்டையை யாராவது தொட்டுப் பார்ப்பார்கள். அது கையோடு வந்துவிடும். இந்த அத்தியாயத்தில் அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறோம். ஒயர் முதலில், மோட்டார் கடைசியில்.

உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு அம்பாசிடர் தயாரிப்பு நின்றுபோனது. ஆகவே இன்று ஓடும் வண்டிகளில் மிக இளையதற்கும் பத்து வயது தாண்டிவிட்டது. ஒயரிங் ஒன்று பழசாக இருக்கும், இல்லையென்றால் பல கைகள் பட்டதாக இருக்கும். இரண்டாவதுதான் மோசம். டாக்ஸியாக ஓடிய வண்டி என்றால் ஏர் ஹாரன், ஃபேன், ஸ்டீரியோ, எல்இடி லைட் எல்லாவற்றுக்கும் சொலினாய்டு நட்டிலிருந்தே கரண்ட் எடுத்திருப்பார்கள். ஒரே போல்ட்டில் ஐந்தாறு லக்குகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், ஆனால் அதை அப்படியே விடவும் வேண்டாம்.

உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் சொலினாய்டு தனியாகப் பானெட்டுக்குள் பாடியில் திருகப்பட்டிருக்கும். மோட்டாரின் முனையில் இருக்கும் பென்டிக்ஸ், சுற்றும் வேகத்திலேயே முன்னே பாய்ந்து ஃப்ளைவீல் பல்லைப் பிடிக்கும். டீசல் வண்டிகளில் சொலினாய்டு மோட்டாரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். அது முதலில் பினியனைத் தள்ளிப் பல்லில் சேர்த்துவிட்டு, அதன் பிறகுதான் மோட்டாருக்குக் கரண்ட் விடும். சோதிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான், கை வைக்கும் இடம்தான் வேறு.

கரண்ட் போகும் வழி, திரும்பும் வழி

சாவியைத் திருப்பினால் மெல்லிய ஒயர் ஒன்று சொலினாய்டை எழுப்புகிறது. லூகாஸ் நிற வழக்கப்படி இது வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது. சொலினாய்டு உள்ளே இருக்கும் செம்புத் தட்டை இழுத்து இரண்டு தடித்த போல்ட்டுகளை இணைக்கிறது. பேட்டரியிலிருந்து கேபிள் வழியாக வரும் கரண்ட் மோட்டாருக்குள் போகிறது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது திரும்பும் வழியைத்தான். மோட்டாரின் இரும்பு உடல், இன்ஜின் பிளாக், எர்த் பட்டை, பாடி, பேட்டரியின் எர்த் கேபிள் என்று போனது அத்தனையும் திரும்ப வர வேண்டும். இன்ஜினோ ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் ஓடாது. எர்த் பட்டை அறுந்தால் கரண்ட் வேறு வழி தேடும், பெரும்பாலும் சோக் கேபிளோ ஆக்ஸிலரேட்டர் கேபிளோதான் மாட்டும். செல்ஃப் அடிக்கும்போது சோக் குமிழ் சுடுகிறது, கேபிள் உறை உருகிய வாடை வருகிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். எர்த் பட்டை போய்விட்டது.

பெட்ரோல் இன்ஜினைச் சுற்ற ஏறத்தாழ 150 முதல் 200 ஆம்பியர் ஓடும், டீசலுக்கு இன்னும் அதிகம். 200 ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு துருப்பிடித்த இணைப்பு 0.01 ஓம் தடை கொடுத்தால் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி இந்த 0.01-ஐ அளக்க முடியாது, சாதாரண மீட்டர் சுழி என்றே காட்டும். ஹெட்லைட் பளிச்சென்று எரிவதும் சாட்சி ஆகாது, ஏனென்றால் ஹெட்லைட் கேட்பது பத்து ஆம்பியர் அளவுதான். மொட்டை மாடித் தொட்டி நிறைந்திருந்தும் அடைத்த குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது போலத்தான் இது. குழாயைத் திறந்தால்தான் அடைப்பு தெரியும். அதனால் கேபிளை எப்போதும் செல்ஃப் சுற்றும்போதே சோதிக்க வேண்டும்.

காதில் விழுவது

மீட்டரை எடுப்பதற்கு முன் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருவரை வண்டிக்கு முன்னால் நிறுத்துங்கள். நீங்கள் சாவியைத் திருப்புங்கள்.

சத்தமே இல்லை, லைட்டும் மாறவில்லை என்றால் சொலினாய்டுக்குச் செய்தி போகவில்லை. சாவி, வெள்ளை-சிவப்பு ஒயர், சொலினாய்டின் எர்த் ஆகிய மூன்றில் ஒன்று. டக்டக்டக் என்று தொடர்ந்து தட்டினால் சொலினாய்டு பிடிக்கிறது, பிடித்த நொடியில் வோல்டேஜ் சரிந்து விட்டுவிடுகிறது, மறுபடி பிடிக்கிறது. பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது பெரிய கேபிளில் ஏதோ ஓர் இணைப்பு மோசம். ஒரே ஒரு ‘டொக்’, லைட் நன்றாக மங்குகிறது என்றால் மோட்டார் கரண்டை விழுங்குகிறது, ஆனால் சுற்ற முடியவில்லை. பினியன் பல்லில் சிக்கியிருக்கலாம், அல்லது இன்ஜினே இறுகியிருக்கலாம். ஒரே ‘டொக்’, லைட் அப்படியே நிற்கிறது என்றால் சொலினாய்டின் உள்தட்டு கருகியிருக்கிறது, இல்லாவிட்டால் மோட்டாரின் கார்பன் தேய்ந்து தொடாமல் நிற்கிறது. மோட்டார் ‘விர்ர்’ என்று தனியாகச் சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை என்றால் ஒயரிங்கில் பிழையே இல்லை, பென்டிக்ஸில்தான் கோளாறு.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டு விளக்கு, ஹாரன் எல்லாமே செத்து, பேட்டரி முனையை ஆட்டினால் உயிர் வருகிறதா? முனையில் உப்புப் பூத்திருக்கிறது, அல்லது கவ்வி தளர்ந்திருக்கிறது. அங்கே சரியாக இருந்தால் சொலினாய்டின் பேட்டரிப் பக்க நட்டைப் பாருங்கள். வண்டிக்குள் போகும் பிரவுன் ஒயர்கள் அந்த நட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. அது அரைச்சுற்று தளர்ந்தாலே மொத்த வண்டியும் இருட்டு.

மீட்டரை எங்கே வைப்பது

கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்த நிலையில் வண்டி நிற்கட்டும். சோதனை நடக்கும்போது இன்ஜின் பற்றிக்கொள்ளக் கூடாது. பெட்ரோல் வண்டியில் காயிலுக்கு வரும் வெள்ளை ஒயரைக் கழற்றிச் சுருட்டி வையுங்கள். டீசலில் ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்தால் போதும். எந்தச் சோதனையிலும் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் அரை நிமிடமாவது மோட்டாரை ஆறவிடுங்கள்.

பேட்டரி இரவெல்லாம் சும்மா இருந்த பிறகு 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது, முதலில் சார்ஜ் போடுங்கள். பாதிப் பேட்டரியை வைத்துக்கொண்டு கேபிளைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. செல்ஃப் சுற்றும்போது அதே முனைகளில் 10 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி சோர்ந்துவிட்டது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

இனி முக்கியமான அளவு. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய வண்டிகளில் மைனஸ்தான் எர்த், அந்த வகையில் சொல்கிறேன். சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழ் மேலேயே வையுங்கள். கவ்வி மேல் வைத்தால் கவ்விக்கும் குமிழுக்கும் நடுவில் உள்ள கோளாறு கணக்கில் வராது. கறுப்பு முனை மோட்டாரின் தடித்த போல்ட்டில். இப்போது மீட்டர் 12 என்று காட்டும், பார்த்துப் பதற வேண்டாம். சொலினாய்டு திறந்திருக்கும் வரை அப்படித்தான் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது என்ன காட்டுகிறது என்பதுதான் கணக்கு. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பிளஸ் பக்கம் சுத்தம். அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்து அளந்து வாருங்கள். குமிழுக்கும் கவ்விக்கும் நடுவே, கவ்விக்கும் சொலினாய்டு போல்ட்டுக்கும் நடுவே, சொலினாய்டின் இரண்டு போல்ட்டுகளுக்கும் நடுவே, பிறகு மோட்டார் வரை. வோல்ட் எங்கே தொலைகிறதோ அங்கேதான் கோளாறு.

எர்த் பக்கமும் இதே வேலைதான். ஒரு முனை பேட்டரியின் மைனஸ் குமிழில், மறுமுனை மோட்டாரின் உடலில். பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிவிட்டு வெறும் இரும்பில் அழுத்துங்கள். சுற்றும்போது 0.3-ஐத் தாண்டக் கூடாது. ஓர் உதாரணம்: பேட்டரியில் 10.2, பிளஸ் பக்கம் 0.3, எர்த் பக்கம் 2.1. மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 7.8 வோல்ட்தான். இந்த வண்டிக்கு எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் நிலைமை மாறாது.

மீட்டர் இல்லாத இடத்தில் வழி நடுவே நின்றுவிட்டால் ஜம்ப் கேபிள் ஒன்று போதும். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் ஒரு வெறும் போல்ட்டுக்குப் பிடித்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். வண்டி துள்ளி எழுந்தால் எர்த்தில்தான் பிழை. சில முறை அடித்த பிறகு இணைப்புகளை மெல்லத் தொட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம். கெட்ட இணைப்புதான் சுடும், சில நேரம் விரல் பொசுங்கும் அளவுக்குச் சுடும்.

கேபிளை மாற்றுவது

மாற்றுவது என்று முடிவெடுத்தால் பிளஸ், எர்த், இன்ஜின் பட்டை மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஆறு மாதத்தில் அடுத்ததற்குப் படுத்துக்கொண்டு கை நுழைப்பதைவிட இது மேல். பழைய கேபிள் வெளியே நன்றாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். லக்குக்குப் பக்கத்தில் உறையைப் பிளேடால் கீறிப் பாருங்கள். செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும், சில கேபிளில் உறைக்குள்ளேயே சாண் அளவுக்கு அந்தப் பச்சை ஏறியிருக்கும்.

பெட்ரோலுக்கு 25 சதுர மி.மீ கேபிள் குறைந்தபட்சம், 35 போட்டால் நிம்மதி. டீசலுக்கு 50. கணக்கு இதுதான்: 25 சதுர மி.மீ செம்பு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0007 ஓம். ஒன்றரை மீட்டர் கேபிளில் 200 ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட் போகும், பொறுத்துக்கொள்ளலாம். கடையில் தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள். தடித்த உறைக்குள் மெல்லிய செம்பை வைத்து விற்கும் சரக்கு உண்டு, அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்த சரக்கும் உண்டு. ஓர் இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வெல்டிங் கேபிள் போடலாமா என்று பலர் கேட்பார்கள். இழைகள் மெல்லியவை, நன்றாக வளையும், கரண்டுக்குக் குறையில்லை. ஆனால் சிலவற்றின் ரப்பர் உறை எண்ணெய் பட்டால் ஊறிப்போகும். மோட்டார் வண்டிக்கென்றே வரும் கேபிள் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சென்னையில் ஜிபி ரோட்டில் கிடைக்கும், புதுப்பேட்டையில் பழைய கவ்வி, சொலினாய்டு என்று எல்லாமே தேடி எடுக்கலாம்.

லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்குவது நம் பட்டறைகளின் பழைய பழக்கம். தெரு ஓர அவசரத்துக்குச் சரி, நிரந்தரமாக ஓட உதவாது. ஹைட்ராலிக் கிரிம்பர் உள்ள கடையிலேயே அளவு சொல்லி அழுத்தி வாங்கிவிடுங்கள். ஈயம் பூசிய செம்பு லக்காக இருக்கட்டும். ஈயம் ஊற்றிப் பற்றவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும், இன்ஜின் ஆடும்போது கேபிள் சரியாக அங்கேதான் ஒடியும். லக்கின் கழுத்தில் பசை உள்ள ஹீட்-ஷ்ரிங்க் குழாய் ஏற்றுங்கள், ஈரம் உள்ளே போகாது.

நட்டில் ஒரு சிக்கல் உண்டு. பழைய பிரிட்டிஷ் வழி வந்த இன்ஜின் என்பதால் பல இடங்களில் இஞ்ச் மரை இருக்கும். 5/16 யுஎன்எஃப் போல்ட்டில் 8 மி.மீ நட்டு ஏறுவது போல ஓரிரு சுற்று போகும், பிறகு இறுகும். அதற்கு மேல் வலுக்கட்டாயம் செய்தால் மரை போய்விடும். அதற்கு அரை இஞ்ச் ஸ்பானர்தான் சரி. 13-ம் நம்பர் வழுக்கி நட்டின் மூலையை மழுக்கும்.

கழற்றும் வரிசையில் சமரசம் கூடாது. எர்த் ஆகியிருக்கும் முனையை முதலில் எடுங்கள், கடைசியில் மாட்டுங்கள். மற்றதை முதலில் எடுக்கும்போது ஸ்பானர் பாடியைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும் என்பதால் பீடி, சிகரெட்டும் அருகில் வேண்டாம். மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு வேலையில் இறங்குங்கள். பிளஸ் எர்த் ஆன பழைய வண்டி கைக்கு வந்தால் இன்னும் கவனம். மோட்டார் எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். ஆனால் பின்னால் யாராவது போட்ட ஆல்டர்னேட்டரும் ஸ்டீரியோவும் முனை மாறினால் புகைந்துவிடும்.

எர்த் லக் உட்காரும் இடத்தை எமரி தாளால் தேய்த்து இரும்பு பளபளக்க வையுங்கள். முடுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள், முன்பே பூச வேண்டாம். மோட்டாரின் தடித்த போல்ட்டில் இரண்டு நட்டு இருக்கும். வெளி நட்டை முடுக்கும்போது உள் நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் முடுக்கினால் போல்ட்டே சுற்றி, உள்ளே ஃபீல்டு காயில் இணைப்பு முறிந்துவிடும். நல்ல மோட்டார் கெட்டுப்போவது பல நேரம் இந்த ஒரு முடுக்கில்தான்.

இந்தக் கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது. எங்காவது தகட்டு விளிம்பில் உரசி உறை கிழிந்தால் பேட்டரியின் முழுக் கரண்டும் பாடியில் பாயும், வண்டியே எரியலாம். சைலன்சர் குழாயிலிருந்து தள்ளி, தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டு, ஒவ்வொரு சாணுக்கும் கிளிப் வைத்துக் கொண்டுபோங்கள். ஆனால் இழுத்துக் கட்டாதீர்கள், இன்ஜின் ஆடுவதற்குக் கொஞ்சம் தளர்வு வேண்டும்.

சாவி ஒயர்

சொலினாய்டு சத்தமே போடாத வண்டிக்கு வருவோம். தனிச் சொலினாய்டாக இருந்தால் சில வகைகளில் அதன் முனையில் ரப்பர் மூடிய பட்டன் இருக்கும். நியூட்ரலை இன்னொரு முறை உறுதி செய்துகொண்டு அதை விரலால் அழுத்துங்கள். இன்ஜின் சுற்றினால் பேட்டரி, கேபிள், மோட்டார் எல்லாம் சரி, குறை சாவிப் பக்கம். வெள்ளை-சிவப்பு ஒயரில் டெஸ்ட் லேம்ப் வைத்து உதவியாளைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். லேம்ப் பளிச்சென்று எரிந்தும் சொலினாய்டு எழவில்லை என்றால் அதன் காலில் உள்ள ஸ்க்ரூக்களைப் பாருங்கள். சொலினாய்டு எர்த் ஆவது அந்த ஸ்க்ரூ வழியாகத்தான். பாடிக்குப் புதுப் பெயின்ட் அடித்த வண்டிகளில் பெயின்ட்டின் மேலேயே சொலினாய்டைத் திருகி வைத்துவிட்டு, புது சொலினாய்டும் சரியில்லை என்று திருப்பிக் கொண்டு போவார்கள்.

டீசல் சொலினாய்டு எழும் நொடியில் முப்பது ஆம்பியருக்குப் பக்கமாகவும் அதற்கு மேலும் இழுக்கும். அதை வருடக்கணக்காகத் தாங்கிய இக்னிஷன் சாவியின் உள்முனை கருகிப்போயிருக்கும். பத்து முறை திருப்பினால் ஒருமுறை பிடிக்கும் வண்டிகள் இப்படித்தான் ஆகின்றன. சாவியை மாற்றுவதோடு ஒரு 40 ஆம்பியர் ரிலேயும் வைத்துவிடுங்கள். சாவியிலிருந்து வரும் வெள்ளை-சிவப்பு 86-க்கு, 85 எர்த்துக்கு, பேட்டரிப் பக்கத்திலிருந்து ஃபியூஸ் வழியாக 4 சதுர மி.மீ ஒயர் 30-க்கு, 87-லிருந்து சொலினாய்டுக்கு. ரிலேயை முனைகள் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி மாட்டினால் மழைத்தண்ணீர் தேங்காது.

இவ்வளவுக்குப் பிறகும் மோட்டார்தான் என்றால்

பென்டிக்ஸ் பல்லில் சிக்கி ‘டொக்’ என்று நிற்கும் பெட்ரோல் வண்டியில் சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விடுபடும். மோட்டாரின் பின் முனையில் சதுரத் தண்டு வெளியே தெரிந்தால் ஸ்பானரால் திருப்பியும் விடுவிக்கலாம். அடிக்கடி சிக்கினால் கழற்றித்தான் ஆக வேண்டும். ரிங் கியர் பல்லும் தேய்ந்திருக்கும்.

காலையில் நன்றாக எடுத்து, நெடுந்தூரம் ஓடி நிறுத்திய பிறகு மட்டும் சோம்பலாகச் சுற்றும் வண்டியில் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசுகிறதா என்று பாருங்கள். சூட்டில் செம்பின் தடையும் ஏறும், 50 டிகிரி கூடினால் ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகும். கேபிளில் ஏற்கெனவே மிச்சம் மீதி இல்லாத வண்டி அப்போது அப்படியே நின்றுவிடும்.

பட்டறைக்கு அனுப்பும்போது ‘ரீவைண்டிங் செய்யுங்கள்’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். கார்பன் 8 மி.மீ அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், அது தன் கூட்டில் தடையில்லாமல் மேலும் கீழும் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புது வெண்கலப் புஷ்ஷை ஒரு நாள் இன்ஜின் ஆயிலில் ஊறவைத்த பிறகே ஏற்ற வேண்டும். பென்டிக்ஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தால் போதும், எண்ணெயோ கிரீஸோ தடவவே கூடாது. தடவினால் கிளட்ச் தூள் அதில் ஒட்டிப் பிசின் ஆகி, பினியன் முன்னே போகாமல் நின்றுவிடும். மோட்டார் திரும்பி வந்ததும் மாட்டுவதற்கு முன் கியர்பாக்ஸ் ஹவுசிங்கில் அது உட்காரும் முகத்தையும் எமரி தாளால் துடைத்துவிடுங்கள். மோட்டாரின் எர்த்தே அந்த முகத்தின் வழியாகத்தான் போகிறது.